மூணுவால் பறக்கும் மாதம்

ஜனவரி 11

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்பமாட்டாய். அதனால் பாதி நன்றாக இருக்கிறேன். நீ, அத்தான், பாப்பா மூன்று பேரும் முழுசாக நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எழுத்து கோணலாக இருக்கும். வலது கையால், அட்டை ஆலையின் உருளை விட்டுவைத்த மூன்று விரல்களால் எழுதுகிறேன். ஃபோனில் பேசலாமே என்பாய். ஃபோனில் நீ 'ம்' மட்டும்தான் சொல்கிறாய். பின்னால் அத்தான் குரல் கேட்கிறது. அதோடு ஆஸ்பத்திரியில் விரல் பயிற்சி கொடுக்கும் பிசியோ அம்மா உத்தரவு போட்டுவிட்டார்: "வாரம் ரெண்டு பக்கம் கையால எழுது. யாருக்கு வேணா எழுது. திட்டி எழுதினாலும் சரிதான்."

அவர் இன்னொன்றும் கொடுத்தார். எப்போதோ வந்த நோயாளி ஒருவர் விட்டுப்போன தகரப் பெட்டி. உள்ளே மேசையில் மாட்டித் திருகி இறுக்குகிற குட்டி வைஸ், தூண்டில் முட்கள், நூல்கண்டு, ஒரு பிடி இறகு. முள்ளை வைஸில் கவ்வவைத்து அதன்மேல் நூலையும் இறகையும் சுற்றிச் சுற்றி ஒரு பூச்சி மாதிரி கட்ட வேண்டும். தண்ணீரில் போட்டால் மீன் நிஜப் பூச்சி என்று நம்பிக் கவ்வுமாம். நான் இதற்குப் பொய்ப்பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"எனக்கு எதுக்கும்மா இது?" என்றேன்.

"ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னா என்னை முறைக்கிற. இதையாவது முறைச்சுப் பாரு."

நான் கட்டிய முதல் பூச்சி, தேய்ந்துபோன பல்துலக்கி மாதிரி இருந்தது. ஐந்தாவதுக்கு இடுப்பு வந்திருக்கிறது.

வேலையும் கிடைத்துவிட்டது. அதே ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் சீட்டுக் கிழிக்கிறேன். 'கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து' என்ற காகிதத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்தவனுக்கு ஆலை கதவு திறக்காது என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டான். அத்தான் கேட்டால் சொல்.

பாப்பாவுக்கு முத்தம்.
உன் தம்பி

*

ஜனவரி 29

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பாப்பாவுக்குச் சளி, இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. உனக்கு ராத்திரியில் கை வலிப்பது குறைந்ததா? நீ அதை எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அத்தானும் படித்தார். "நல்ல பொழுதுபோக்கு. மனசு வேற பக்கம் போகும்" என்றார். நானும் அதையேதான் சொல்கிறேன். நடந்தது நடந்துவிட்டது. அந்தக் காகிதத்தைப் பற்றி இனி எழுதாதே. உன் உடம்புக்குத்தான் கேடு.

ஒரு பூச்சி அனுப்பு, பாப்பா பார்க்கட்டும். முள்ளை மழுக்கிவிட்டு அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

பாப்பாவின் சளி இதற்குள் போய், அடுத்த சளியும் வந்து போயிருக்கும். நான் நலம். இது பாதி இல்லை, முக்கால்.

பொய்ப்பூச்சி கட்டுகிறவன் ஒருநாள் அதைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கத்தானே செய்வான்? ஆலையில் என்னோடு இருந்த வெல்டர் இருக்கிறாரே, அவர் மாடிப்படிக்கு வாங்கிய மூங்கிலில் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். அதைச் சீவி, தேய்த்து, வளையம் வைத்துக் கோல் ஆக்கினேன். தச்சு வேலை என் இரண்டாவது பொழுதுபோக்கு. ஆற்றுக்குப் போனோம். மூன்று வாரம் ஒன்றும் கடிக்கவில்லை. வெல்டர், "உன் பூச்சியப் பாத்து மீனு சிரிக்குது, அதான் வாயத் திறக்குது" என்றார்.

மீன் உண்மையில் என்ன தின்கிறது என்று தெரியாமல் கட்டினால் இப்படித்தான். கல்லைப் புரட்டிப் பார்த்தேன். அக்கா, ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஒரு குடியிருப்பு! மூன்று வால் உள்ள ஒன்று. அதற்கு மூணுவால் என்று பெயர் வைத்தேன். கரையில் குடியிருப்பவர்கள் சொன்னார்கள், அது ஒரு வருஷம் கல்லுக்கடியில் கிடந்து, ஏப்ரலில் இரண்டே வாரம் இறக்கை முளைத்துக் கூட்டமாகப் பறக்கிறது. பிறகு செத்துவிடுகிறது. அடுத்த ஏப்ரல் வரைக்கும் ஒன்றுகூடப் பறப்பதைப் பார்க்க முடியாது. இன்னொன்று, மணலையும் குச்சியையும் எச்சிலால் ஒட்டிக் குழாய் மாதிரி வீடு கட்டி, எங்கே போனாலும் அதை இழுத்துக்கொண்டே போகிறது. அது வீடுகட்டி.

மூணுவால் மாதிரியே ஒன்று கட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை கையளவு மீன் ஒன்று கவ்வியது. பார்த்துவிட்டுத் திரும்ப விட்டேன். வெல்டர் அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை.

இப்போது பூச்சிகளை வரைகிறேன். மூன்றாவது. பூதக்கண்ணாடி வாங்கியிருக்கிறேன். நான்காவதா, மூன்றிலேயே சேர்த்தியா, தெரியவில்லை. ஒரு பொழுதுபோக்கு அடுத்ததைக் குட்டி போடுகிறது.

அத்தானுக்கு என் விசாரிப்பு.
தம்பி

*

ஏப்ரல் 28

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் நலம். நீ அனுப்பிய பூச்சியைப் பாப்பா தலைப்பின்னலில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

வீடுகட்டி என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆலை கொடுத்த இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நானும் எச்சிலால் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அத்தானுக்குப் புதுப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலையின் கழிவுநீர் விவகாரம் முழுவதும் இனி தலைமை அலுவலகத்தில் இவர் மேசைக்குத்தான் வரும். வேலை அதிகம்.

வெயிலில் நிற்காதே. எந்தெந்தக் கிழமை போகிறாய், எத்தனை மணிக்கு? பாலத்துக்கு மேலேயா கீழேயா? வழுக்கும் இடமாக இருந்தால் போகாதே. கவலையாக இருக்கிறது, எழுது.

அக்கா

*

ஜூலை 6

அன்புள்ள அக்கா,

கை வலி குறைந்திருக்கிறது. உங்கள் மூவரின் உடம்பும் நல்லபடி இருக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: ஞாயிறு காலை ஏழு மணி, புதன் சாயங்காலம் ஐந்து மணி. பாலத்துக்குக் கீழே, ஆலை வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்துக்கு இரண்டு பக்கமும். முட்டளவு தண்ணீர்தான், பயப்படாதே.

இரண்டு பக்கமும் ஏன் என்றால், எண்ண ஆரம்பித்திருக்கிறேன். வாய்க்காலுக்கு மேலே பத்துக் கல்லைப் புரட்டினால் மூணுவாலும் வீடுகட்டியும் சேர்ந்து எண்பது, தொண்ணூறு. கீழே பத்துக் கல்லைப் புரட்டினால் நான்கு. சில நாள் பூஜ்யம். சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிகின்றன. சில நாள் வாய்க்காலில் முழங்கால் உயரத்துக்கு நுரை வரும், கண் எரியும். தேதி, கிழமை, எண்ணிக்கை எல்லாம் நோட்டில் இருக்கிறது. கீழ்க்கரைக் குடிசைகளில் இருக்கும் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள். கால் முழுக்கச் சொறி. அவர்களின் அம்மாக்களிடம் ஆஸ்பத்திரியில், "சோப்பு போட்டுக் குளிப்பாட்டுங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். நான் சீட்டுக் கிழிக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அவர்கள் வெறுங்கையோடு போவது தெரியும்.

நவம்பரில் விசாரணை வருகிறது. ஆலை இரண்டாவது இயந்திரம் போட அனுமதி கேட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். நான் சொல்லப் போகிறேன். இது ஐந்தாவது பொழுதுபோக்கு.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். என் எழுத்தை எந்த அதிகாரியும் படிக்கமாட்டான். உன் எழுத்து அச்சு மாதிரி. பள்ளிக்கூடத்தில் என் நோட்டையெல்லாம் நீதானே எழுதிக் கொடுத்தாய்? இதையும் எழுதிக் கொடு. அத்தானுக்குச் சங்கடம் என்று தெரியும். அதனால்தான் பெயர் இல்லாமல், எண்ணிக்கையை மட்டும் வைத்திருக்கிறேன். உன்னைத் தவிர இதைக் கொடுக்க எனக்கு ஆள் இல்லை.

தம்பி

*

ஜூலை 24

அன்புத் தம்பிக்கு,

நோட்டு வந்தது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

எழுத ஆரம்பித்திருக்கிறேன். மெதுவாகத்தான் முடியும். பகலில் பாப்பா பள்ளிக்கூடம் போனபிறகு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. உன் படங்கள் நன்றாக இருக்கின்றன. மூணுவாலின் கண்ணைக்கூட வரைந்திருக்கிறாய்.

யோசித்துச் செய். ஆலை இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு இல்லை என்று அத்தான் சொல்கிறார்.

அக்கா

*

செப்டம்பர் 14

அக்கா,

எப்படி இருக்கிறாய்? ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பாப்பாவுக்குத் திரும்பவும் சளியா?

இங்கே அதிசயம் நடக்கிறது. ஆகஸ்டு பிறந்ததிலிருந்து ஞாயிறும் புதனும் வாய்க்கால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நுரை இல்லை, நாற்றம் இல்லை. தண்ணீரைச் சோதிக்கும் அதிகாரியை மன்றாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தேன். பாட்டிலில் பிடித்து, வெயிலில் தூக்கிக் காட்டி, "இதக் குடிச்சாக்கூட ஒண்ணும் ஆவாதே தம்பி" என்றார். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் கல்லைப் புரட்டினால் ஒன்றுமே இல்லை. முன்பு நான்கு பூச்சியாவது இருந்தது, இப்போது சிவப்புப் புழுவும் செத்துக் கிடக்கிறது. பாட்டிலுக்குத் தெரிந்தது அந்த ஒரு நிமிஷம். பூச்சி எல்லா நாளும் அங்கேயே கிடக்கிறது, திங்களும் வியாழனும் சேர்த்து. கீழ்க்கரைப் பெண்களைக் கேட்டேன். "நீ வராத நாள்ல வந்து பாரு. மூக்கைப் பிடிச்சிக்கிட்டு வா" என்றார்கள்.

வெல்டர் கல் புரட்டும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்: "நீ வர்ற நாளு அவனுங்களுக்கு எப்படிடா தெரியும்? உன் மூஞ்சில காலண்டர் மாட்டிருக்கா?"

சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரிப்பு வரவில்லை.

நோட்டு எங்கே அக்கா?

தம்பி

*

அக்டோபர் 20

என் அன்புக்குரிய அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பாப்பாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். சென்ற கடிதத்தில் அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. சின்ன வயதிலிருந்து எனக்காக நீ பட்டது கொஞ்சமா? காய்ச்சலில் கிடந்தபோது என் பக்கத்திலேயே உட்கார்ந்து கதை சொன்னவள் நீ.

ஆஸ்பத்திரியில் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள். இனி ஞாயிறும் புதனும் ஆற்றுக்குப் போக முடியாது. வரும் வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும்தான், காலையில். அதிகாரியும் இனி வெள்ளிக்கிழமைதான் வருவாராம். அதுவும் நல்லதுதான். வெள்ளிக்கிழமை காலையில் ஆற்றின்மேல் மூணுவால் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது. இறக்கையில் வெயில் பட்டுப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. நீ பார்க்க வேண்டும்.

நோட்டை மெதுவாகவே அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் அன்பை மறவாத
தம்பி

*

அக்டோபர் 27

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அத்தானும் பார்த்தார்.

நோட்டையும் நல்ல பிரதியையும் இத்துடன் அனுப்புகிறேன். எண்களை மூன்று முறை சரிபார்த்தேன். ஒன்றையும் மாற்றவில்லை.

இந்த மாதத்தில் மூணுவால் பறப்பதைப் பார்க்கிறாய். உனக்கு நல்ல கண்.

வெள்ளிக்கிழமை மறக்காமல் போ.

அக்கா

*

ஜனவரி 4

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கவில்லை. நலமாகத்தான் இருப்பாய்.

வேலை நேரம் மாறவே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை கதையை நான் வெல்டரிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதினேன். நீ பதில் எழுதியதற்குப் பின்வந்த ஞாயிறு: முழங்கால் உயரம் நுரை. புதன்: நுரை, கண் எரிச்சல். வெள்ளி: கண்ணாடி. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். நான் கட்டியதிலேயே சிறந்த பொய்ப்பூச்சி அந்தக் கடிதம்தான். ஒரு முடிச்சுகூடப் பிசகவில்லை. கவ்வியது உன் வீடு.

விசாரணை கதையைக் கேள். மேடையில் அதிகாரி, பக்கத்தில் ஆலை வக்கீல். உன் அழகான எழுத்தில் இருந்த பிரதியைக் கொடுத்தேன். வக்கீல் புரட்டிப் பார்த்தார்.

"என்ன படிச்சிருக்கீங்க தம்பி?"

"பத்தாவது."

"பூச்சி எண்ண யாரு சொல்லிக் குடுத்தா?"

"மீனு."

கூடமே சிரித்தது. நானும் முட்டாள் மாதிரி சிரித்தேன். கிழமை மாற்றி மாற்றித் திறக்கிறார்கள் என்று சொன்னேன். "யாரு சொன்னது? எழுத்துல இருக்கா?" என்றார் அதிகாரி. எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் அக்காவுக்குப் பொய்க் கடிதம் எழுதிக் கண்டுபிடித்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வரவில்லை. வக்கீல் பிரதியைத் திருப்பி நீட்டி, "நல்ல பொழுதுபோக்கு. விட்றாதீங்க, வீட்ல வச்சுக்குங்க" என்றார்.

அத்தான் சொன்ன அதே வார்த்தை.

டிசம்பர் 30 அன்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள் இருக்கிறதாம். வாய்க்காலை எந்த நாள் திறப்பது என்று ஆலைக்காரர்களே எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தால் போதும் என்கிறார் நான் யோசனை கேட்கப் போன வேறொரு வக்கீலின் குமாஸ்தா. உன்னிடம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் இடது கட்டைவிரலை அந்தக் காகிதத்தில் வைத்து அழுத்தியபோது, அதற்கு அடியில் வைத்த அட்டையை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. மயக்க மருந்து அவ்வளவு நல்ல மருந்து இல்லை.

ஒரு வருஷம் ஆற்றில் நின்றேன். பிடித்து வைத்துக்கொண்ட மீன் நீ ஒருத்திதான்.

*

மார்ச் 31

அன்புத் தம்பிக்கு,

பாப்பாவுக்குச் சளி இல்லை. அத்தானுக்குப் பதவி உயர்வு. எனக்கு ஒன்றும் இல்லை. உன் விரல்கள் எப்படி இருக்கின்றன?

உன் கடிதங்கள் எல்லாமே சாப்பாட்டு மேசையில்தான் இருக்கும். முதலில் அவர் எடுத்துப் படித்தார். பிறகு நானே படித்துவிட்டு அங்கே வைத்தேன். அவர் கேட்டதில்லை, நான் ஒளித்ததும் இல்லை. கிழமையும் நேரமும் கேட்டு எழுதச் சொன்னது அவர். கவலையாக இருக்கிறது என்று எழுதியது நான். அதுவும் பொய் இல்லை.

அவருக்குக் கையெழுத்து சரியாக வராது. ஆலைக்கு அனுப்பும் குறிப்புகளை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். 'ஞாயிறு, புதன் மூடு. மற்ற நாள் திற.' ஜூலைக் கடைசியில் எழுதினேன். காலையில் உன் நோட்டு, மாலையில் அந்தச் சீட்டு. ஒரே பேனா.

உன் அக்டோபர் கடிதம் பொய்ப்பூச்சி என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நீ எனக்கு அவ்வளவு அன்பாக எழுதியதே இல்லை. பிறகு மூணுவால் பறக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் நோட்டை மூன்று முறை சரிபார்த்தவளுக்கு அது ஏப்ரல் பூச்சி என்று தெரியாதா? ஒரு நாள் முழுக்க அந்தக் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்தேன். சாயங்காலம் அவர் சொன்னார், நான் எழுதினேன்: 'வெள்ளி மூடு.' உனக்காகச் செய்தேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஆலைக்குப் போவது நகல்தான். மூலச் சீட்டுகள் இரண்டும் வீட்டில், என் மேசை இழுப்பறையில். இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன.

நீ எழுதிய தொண்ணூறு நாளைக் காலண்டரில் எண்ணிக்கொண்டு வந்தேன். பாப்பாவின் பள்ளிக்கூடம் ஆலையுடையது. இந்த வீடு ஆலையுடையது. ஒவ்வொரு காலையும் இன்று தபாலில் போடுவேன் என்று எழுந்தேன். நேற்றோடு முடிந்துவிட்டது. இனி இதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் இன்றைக்கு அனுப்ப முடிகிறது.

அட்டையைப் பிடித்தேன். ஆடாமல்தான் பிடித்தேன்.

நாளை ஏப்ரல். வாய்க்காலுக்குக் கீழே ஒரு மூணுவாலாவது பறந்தால் எழுது. பறக்காவிட்டால் எழுதாதே, தெரிந்துகொள்வேன்.

கையை ஈரத்தில் வைக்காதே.

அக்கா